பாதுக்க பக்கம் மழைக்கு முளைத்த கீரை: எதைப் பச்சையாகச் சம்பல் போடலாம்?

வெள்ளவத்தைக் குருவி:

பங்குனிக் கடைசியில பின்னேர இடிமழை பிடிச்சாப் பிறகு கொழும்புக்குக் கிழக்கால ஹோமாகம, பாதுக்க, ஹன்வெல்ல பக்கம் வரம்பும் றபர்த் தோட்ட ஓரமும் பச்சைப்பசேலெண்டு கிடக்குது. வாற ஞாயிறு களனிவெளி ரயிலில போய் நாலு பேருக்கு ஒரு நேரத்துக்குக் காணுமான இலை ஆய்ஞ்சுகொண்டு வர யோசனை. சந்தையில விக்கிற கட்டுக்கீரை இல்லை, தானா முளைச்சது. வறை வறுக்க இல்லை, பச்சையாச் சம்பல் போட.

எந்த இலையைக் கண்ணை மூடிக்கொண்டு பச்சையாத் தின்னலாம், எதைக் கட்டாயம் அவிக்க வேணும்? வயலோரத்து வல்லாரைக்கு மருந்து அடிச்சிருப்பாங்களா? உப்புத்தண்ணியில ஊறப்போட்டால் காணுமா, கொண்டீஸும் (பொற்றாசியம் பேர்மங்கனேற்று) போட வேணுமா? வீட்டில நீரிழிவுக்குக் குளிசை போடுற ஒராள் இருக்கிறா, அவவுக்குத் தெபு இலை குடுக்கலாமா? பிறகு, வாய்க்காலில பொன்னாங்காணி மாதிரியே ஒண்டு கும்பலா மிதக்குது. அது என்ன?


வரம்போரம்:

கண்ணை மூடிக்கொண்டு தின்னக்கூடிய இலை ஒன்றும் இல்லை. இலையின் பெயர் இரண்டாவது கேள்விதான். அது எந்தத் தண்ணீரில் நின்றது என்பதுதான் முதல் கேள்வி. தென்னங்காணி நிழலில் மழைத்தண்ணீரை மட்டும் குடித்து வளர்ந்த வல்லாரையைக் கழுவிப் பச்சையாகத் தின்னலாம். முப்பது அடி தள்ளி வாய்க்கால் கரையில் நிற்கும் அதே வல்லாரைக்கு அடுப்பைக் காட்டாமல் வாயில் வைக்கக்கூடாது. மேல்மாகாணத்தில் வாய்க்கால் என்றால் மேலே நாலு வீட்டுக் கழிவும் ஒரு மாட்டுப்பட்டியும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுநில இலை சம்பலுக்கு, நீர்நிலை இலை சட்டிக்கு. இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் பாதி ஆபத்து குறைந்துவிடும்.

வயலைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் வரைக்கும் உள்ள இடைவெளியில்தான் இப்போது இருக்கிறோம். வயல் சும்மா கிடக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், கீரையும் நன்றாகக் கிளம்பும். உழவுக்கு முன்னால் களைநாசினி அடிப்பதும் இதே நாட்களில்தான். அடித்த வயலை மஞ்சளடித்த புல்லை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். வேர்வரை இறங்கிக் கொல்லும் வகை மருந்து என்றால் நாலைந்து நாளுக்கு இலை பச்சையாகவே நிற்கும், அதற்குப் பிறகுதான் வெளுக்கும். நீங்கள் அந்த நாலைந்து நாளுக்குள் போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வயல்காரரைக் கண்டு கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் அந்த வயலையும், அதிலிருந்து தண்ணீர் வடியும் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். வரம்புக்கும் மருந்து அடிப்பார்கள். வரம்பு மேடுதானே என்று நினைக்க வேண்டாம்.

ரயிலில் போவது நல்லது, ஆனால் தண்டவாள ஓரத்தில் கை வைக்காதீர்கள். களைநாசினி, எண்ணெய்க் கசிவு, பெட்டிகளின் கழிப்பறைக் கழிவு மூன்றும் விழும் இடம் அது. அவிசாவளை வீதி ஓரமும் வேண்டாம். ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றுவிட்டாலும் மண்ணில் படிந்த ஈயம் போய்விடாது. ரயர்த் தூசும் புகையும் இன்றைக்கும் விழுகின்றன. பெரிய வீதியிலிருந்து குறைந்தது ஐம்பது மீற்றராவது உள்ளே போங்கள். தலங்கமை, பெல்லன்வில–அத்திடிய பக்கம் கிட்டத்தானே என்று சிலர் பையோடு இறங்குவார்கள். பெல்லன்வில–அத்திடிய 1990 முதல் சரணாலயம், அங்கே செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். கொழும்புக்கு 2018 இல் ராம்சர் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற பெயர் கிடைத்ததால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த ஈரநிலங்களின் வேலையே நகரத்து வெள்ளத்தையும் அழுக்கையும் வாங்கிக்கொள்வதுதான். அங்கே முளைக்கும் கீரை எதை உறிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இலைகள்.

வல்லாரை. சந்தைக் கட்டில் வரும் பெரிய இலை வல்லாரை வேறு, நிலத்தோடு படர்ந்து பெரும்பாலும் ஐந்து சதக் காசு அளவில் நிற்கும் காட்டு வல்லாரை வேறு. சிங்களத்தில் ஹீன் கொட்டுகொல என்பார்கள். கைப்பு கொஞ்சம் கூட, வாசமும் கூட. ஒரு இலையைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். சிறுநீரக வடிவம், ஓரம் முழுக்க மழுங்கிய சிறு பற்கள், ஒரு பக்கத்தில் வெட்டு. காம்பு வந்து சேர்வது அந்த வெட்டின் அடியில்தான். காம்பு இலையின் நடு வயிற்றில், குடைக்குக் கம்பி போல, குத்தி நின்றால் அது வல்லாரை இல்லை; ஈரநிலத்தில் வளரும் குடையிலை. ஓரத்தில் பல்லே இல்லாமல் மழமழவென்று இருதய வடிவில், இரண்டிரண்டாக எதிரெதிரே இலை வந்தால் அதுவும் வல்லாரை இல்லை. அது நிழற்காட்டில் படரும் இன்னொரு கொடி, சிவந்த சிறு பழம் பிடிக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் கரட் இலை, மல்லி இலைக் குடும்பத்து வாசம் வரவேண்டும். வடிவம், காம்பு சேருமிடம், வாசம் மூன்றும் ஒத்துவந்தால்தான் பைக்குள் போடுங்கள்.

பிடுங்குவது என்று சொன்னாலும் பிடுங்கக்கூடாது. சிறு கத்தரிக்கோலால் காம்போடு நறுக்கி எடுங்கள். கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு நிற்கும். இழுத்தால் ஒரு முழம் கொடி மண்ணோடு வந்துவிடும், அந்த இடம் அடுத்த மழை வரைக்கும் வெறுமையாகக் கிடக்கும், உங்களுக்கும் மண் கழுவும் வேலை இரட்டிப்பாகும்.

தெபு. அடையாளம் இதைவிட எளிதான இலை இல்லை. தண்டைச் சுற்றி இலைகள் சுழற்படி மாதிரி ஏறும். இஞ்சி, மஞ்சள் வகைகளில் இலை இரண்டு பக்கமாக மட்டும்தான் வரும், கசக்கினால் வாசமும் வரும். தெபுவில் அந்த வாசம் இல்லை. இலையின் அடிப்பக்கம் பட்டு மாதிரி மெல்லிய மயிர். நுனியில் இருக்கும் மூன்று நாலு இளம் இலை மட்டும் எடுங்கள், கீழே போகப்போக நார். ஈரமான இடம் பிடிக்கும் செடி என்பதால் எந்த ஈரம் என்று பார்த்தே எடுக்கவேண்டும். றபர்த் தோட்டத்துக் கான் ஓரம் என்றால் தோட்டத்துக்கு மருந்து அடித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

புளியாரை. மூன்று சிற்றிலை, ஒவ்வொன்றும் நுனியில் பிளந்த இருதயம், மஞ்சள் பூவுக்கு ஐந்து இதழ், காய் வெண்டிக்காயைச் சுருக்கி வைத்த மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். சம்பலில் தேசிக்காய்க்குப் பதில் நிற்கக்கூடிய புளிப்பு. ஒரு ஆளுக்கு ஒரு சிட்டிகை போதும், கட்டுக்கட்டாகத் தின்னும் கீரை இல்லை. ஏன் என்று கீழே யாராவது வைத்திய விஷயம் தெரிந்தவர் எழுதுவார்.

பருப்புக்கீரை. சதைப்பிடிப்பான இலை, சிவந்த மழமழப்பான தண்டு, தரையோடு படரும். பச்சையாக மிக நல்லது, கொழகொழப்பும் மெல்லிய புளிப்பும். ஆனால் அதே தரையில் அதே மாதிரிச் சிவந்த தண்டோடு அம்மான் பச்சரிசிக் கூட்டத்துச் செடிகளும் படரும். ஒவ்வொரு தண்டையும் முறித்துப் பாருங்கள். பால் வந்தால் எறியுங்கள், கையைக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். பருப்புக்கீரையில் தண்ணீர்தான் வரும், பால் வராது. ஒரு செடியைச் சோதித்துவிட்டு மிச்சத்தை அள்ளுவதுதான் எல்லோரும் விடும் பிழை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும்.

கொவ்வை. வேலியில் ஏறும் கொடி, வெள்ளைப் பூ, பழுத்தால் செக்கச்சிவப்பு. பற்றுக்கம்பி கிளைவிடாமல் தனியாக இருக்கும். பற்றுக்கம்பி இரண்டாகப் பிரிந்து, இலை கைவிரல் மாதிரி ஆழமாக ஐந்தாக வெட்டுப்பட்டு, காயில் வெள்ளை வரி ஓடினால் அது ஐவிரலி. அதன் காய் நஞ்சு, தொடவே தேவையில்லை. கொவ்வைத் தளிர் பச்சையாகவும் ஆகும், ஒரு கொதி காட்டினால் இன்னும் நல்லது.

குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, கங்குன், வாய்க்காலோரத்துப் பொன்னாங்காணி எல்லாம் சட்டிக்கு. குப்பைக்கீரை பேருக்கேற்ற மாதிரிக் குப்பைமேட்டிலும் மாட்டெருக் குவியலிலும்தான் கொழுக்கும். அங்கே நைத்திரேற்றும் கூடச் சேரும். அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் குறையும்.

வேலியில் தளிர் ஆயும்போது ஒரு இலையை மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: இலை நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருந்தால் அது கார்த்திகைப்பூக் கொடி. பூ இல்லாத நாளில் அடையாளம் அது ஒன்றுதான். கிழங்கில் மட்டுமில்லை, செடி முழுக்கக் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அவித்தாலும் போகாது.


சட்டிபானை:

ஆயிறதும் கழுவுறதும் பற்றி நான் சொல்லுறன்.

காலமை 9 மணிக்கு முந்தி ஆய வேணும். வெயில் ஏறினாப் பிறகு ஆய்ஞ்ச வல்லாரை வீட்டுக்கு வர முன்னமே துவண்டு போகும். சொப்பின் பையுக்குள்ள அடைச்சுக் கட்டாதேங்கோ. இலை மூச்சு விடும், அந்த ஈரமும் சூடும் உள்ளயே நிண்டு ரெண்டு மணித்தியாலத்தில நடு இலை அவிஞ்சு மஞ்சளாகும். நனைச்சுப் பிழிஞ்ச பருத்தித் துணி, இல்லாட்டி வாழையிலை. ஒவ்வொரு இனத்தையும் வேற வேறயாச் சுத்த வேணும். கலந்து கொண்டு வந்தால் வீட்டில வச்சுப் பிழையான இலையைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஏனெண்டால் செடியில பாத்த அடையாளம் அரைவாசி அங்கயே நிண்டுட்டுது.

நாலு பேருக்குத் துப்புரவாக்கின இலை 150 கிராம் காணும். கையில இறுக்கிப் பிடிச்சால் மூண்டு பிடி.

கழுவுறது: முதல் உப்புத்தண்ணி. ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, பத்து நிமிஷம். இது கிருமிக்கு இல்லை. அட்டை, புழு, சின்ன நத்தை கழண்டு விழுறதுக்கு. நத்தை ஊர்ந்து சளி மினுங்குற இலையைக் கழுவிப் பாக்காமல் எறியுங்கோ, நத்தையில மூளைக்காய்ச்சல் தாற புழு இருக்கும். பிறகு ஓடுற தண்ணியில மூண்டு தரம், ஒவ்வொரு இலையா, அடிப்பக்கம் விரலால தடவி. வாளிக்குள்ள போட்டுக் கிண்டினால் மண் ஒரு இலையில இருந்து மற்ற இலைக்குப் போகுமே தவிர வெளியில போகாது. கடைசியாத் தண்ணியை வெள்ளைக் கோப்பையில ஊத்திப் பாருங்கோ. அடியில ஒரு துளி மண் தெரிஞ்சாலும் இன்னொரு தரம்.

கொண்டீஸில எனக்கு நம்பிக்கை இல்லை. ரோஸ் நிறமாக் கரைச்சு வச்சாலும் இலையிலயும் மண்ணிலயும் பட்டவுடனே அதின்ர சத்துப் போய் மண்ணிறமாகும். எவ்வளவு போட்டால் எவ்வளவு மிச்சமிருக்குதெண்டு வீட்டில ஆருக்கும் தெரியாது. வாசனையும் நிறமும் சேர்க்காத 5 வீதக் குளோரின் திரவம் கடையில இருக்குது. 2.5 லீற்றர் தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி, பத்து நிமிஷம், பிறகு நல்ல தண்ணியில அலசுறது. இதையும் மண் போகக் கழுவினாப் பிறகுதான் செய்ய வேணும். மண்ணோட போட்டால் குளோரினை மண்ணே தின்னும். குளோரின் பக்ரீரியாவைக் கொல்லும், வயிற்றுப் புழு முட்டையை ஒண்டும் செய்யாது. முட்டை போறது ரெண்டு வழியில: விரலால தேய்ச்சு ஓடுற தண்ணியில கழுவுறது, இல்லாட்டிச் சூடு. அதாலதான் மேல எழுதினவர் வாய்க்கால் இலையைப் பச்சையா வேண்டாமெண்டுறார்.

இனிச் சம்பல். கழுவின இலையை முழுக்க உலர விட வேணும், துணியில பரப்பி ஒரு இருபது நிமிஷம். ஈரத்தோட அரிஞ்சால் கத்தியில ஒட்டி நசியும். ஒரு பிடி இலையைச் சுருட்டுக் கணக்கா இறுக்கிச் சுருட்டி, இடது கையால அமத்திப் பிடிச்சு, நூல் மாதிரி அரியுங்கோ. கத்தி கூர் இல்லாட்டி இலை வெட்டுப்படாது, நசியும். நசிஞ்ச இடம் பத்து நிமிஷத்தில கறுத்து, கைப்பும் கூடும். வல்லாரைச் சம்பல் கைக்குதெண்டு சொல்லுற ஆக்களில பாதிப்பேரின்ர பிழை கத்தியிலதான்.

150 கிராம் இலைக்கு:
தேங்காய்ப்பூ முக்கால் கோப்பை, அப்ப துருவினது
சின்ன வெங்காயம் 8, மெல்லிசா
பச்சை மிளகாய் 2
மாசிக் கருவாடு இடிச்சது ஒரு தேக்கரண்டி, மச்சம் சாப்பிடாட்டி விடலாம்
மிளகுத்தூள் கால் தேக்கரண்டி
உப்பு, தேசிக்காய் அரை

வெங்காயம், மிளகாய், உப்பு, மாசி நாலையும் கையால நல்லாப் பிசைஞ்சு, தேங்காய்ப்பூவைச் சேருங்கோ. இலையைப் பிசையக்கூடாது, கடைசியில போட்டு விரல் நுனியால கிளறி விடுறது மட்டும்தான். தேசிப்புளி சோத்துக்கு முன்னால இருந்தாப் பிறகு. முந்தியே விட்டால் உப்பு இலையில இருந்து தண்ணியை இழுக்கும், புளி பச்சை நிறத்தைத் தின்னும், அரை மணித்தியாலத்தில காக்கி நிறத்தில ஒரு கூழ் கிடக்கும். புளியாரை போட்டால் தேசிக்காயைக் காவாசி ஆக்குங்கோ.

தெபுவுக்கு இதே கணக்குத்தான், ஆனால் நடு நரம்பைக் கிழிச்செடுத்துப்போட்டு அரிய வேணும், தேங்காய்ப்பூவும் ஒரு கோப்பையாக்க வேணும். கைப்பை அடக்கிறது தேங்காய்தான், சீனி இல்லை. சிலர் சீனி போடுகினம். நீரிழிவுக்கெண்டு தெபு சாப்பிட்டுக்கொண்டு அதுக்குள்ள சீனி போடுறது என்ன கணக்கோ தெரியேல்லை.

எந்த இடத்து இலையெண்டு சந்தேகம் வந்தால் சம்பலை விட்டிட்டு இலைக்கஞ்சிக்குப் போகலாம். சிவப்பரிசி கால் கோப்பையை ஒண்டரை லீற்றர் தண்ணியில குழைய அவிச்சு, 60 கிராம் இலையை ஒரு கோப்பைத் தண்ணியோட அடிச்சு வடிச்சு, அந்தச் சாறையும் அரைக் கோப்பைத் தேங்காய்ப்பாலையும் ஊத்தி முழுக் கொதி ரெண்டு நிமிஷம் கொதிக்க வேணும். கொலகெந்த செய்யிற கனபேர் நிறம் போகுமெண்டு சாறை விட்டவுடனே இறக்குவினம். கடையில வாங்கின இலைக்கு அது பரவாயில்லை. வயல் இலைக்கு அது போதாது.


குளிசைப்பெட்டி:

தெபு கேள்விக்கு வருகிறேன். தெபு, கொவ்வை இரண்டும் இரத்தச் சீனியைக் குறைக்கும் இயல்புள்ளவை என்று இலங்கையில் நெடுநாளாகவே சாப்பிடுகிறார்கள். அதனால்தான் கவனம் தேவை. மெற்போமின் மட்டும் போடுகிறவர் சோற்றோடு இரண்டு மேசைக்கரண்டி தெபுச் சம்பல் சாப்பிடுவதில் பெரிய சிக்கல் வராது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இலையைக் கூட்டினால் சீனி தாழ்ந்து வியர்த்து நடுங்கலாம். குளிசையை நிறுத்திவிட்டு இலையை நம்புவது அதைவிட மோசம். முதல் நாள் கொஞ்சமாகக் கொடுங்கள், வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் எடுப்பவர்கள் பச்சை இலையை ஒரேயடியாகக் கூட்டவும் கூடாது, ஒரேயடியாக விடவும் கூடாது. இலையில் உள்ள விற்றமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்களோ அதையே சீராக வைத்திருந்தால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

புளியாரையில் ஒட்சலேற்று (சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய உப்பு) கூட, பருப்புக்கீரையிலும் இருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. பிலிம்பிக்காய்ச் சாறும் காமரங்காய்ச் சாறும் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். காரணம் அதே ஒட்சலேற்றுத்தான். வெறும் வயிற்றில் சாறாகக் குடிப்பதுதான் கெடுதல். சம்பலில் ஒரு சிட்டிகை அப்படியில்லை.

குப்பைக்கீரையைப் பற்றி வரம்போரம் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். குப்பைமேனி அதே குப்பையில் அதே உயரத்தில் நிற்கும், பெயரும் குழப்பும். குப்பைக்கீரை இலையின் ஓரம் மட்டம், நுனியில் சின்னப் பள்ளம், பூ கதிராக நீட்டி நிற்கும். குப்பைமேனி இலையின் ஓரம் வாள்பல், காயைச் சுற்றி ஒரு இலைக்கிண்ணம் ஏந்திக்கொண்டு நிற்கும். பிடுங்கிப் போட்டால் பூனை வந்து வேரில் புரளும். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்தவர்கள் குப்பைமேனி தின்றால் செங்குருதிக் கலங்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும். இலங்கையிலேயே இது பதிவாகியிருக்கிறது. தங்களுக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

முயல்செவியையும் எழுதிவிடுகிறேன், மென்மையான இலை என்று சிலர் பச்சையாகச் சேர்க்கிறார்கள். அதில் ஈரலைப் பாதிக்கும் பைரோலிசிடின் அல்கலொயிட்டுகள் இருக்கின்றன. ஒரு நாள் தின்றால் ஒன்றும் தெரியாது, சேர்ந்து சேர்ந்துதான் கெடுக்கும். எனவே வழக்கமாக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள்: வயலிலிருந்து வந்த எதையும் பச்சையாக வேண்டாம். இதில் விலக்கு இல்லை.

இலையைவிட வயலில் உள்ள பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். மேல்மாகாணம் அதற்குப் பேர்போன இடம். காலில் வெட்டுக்காயத்தோடு வெறுங்காலாகச் சேற்றில் இறங்காதீர்கள், முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போடுங்கள். அடிக்கடி இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் குளிசை தருவார்கள், போக முன்னரே கேட்க வேண்டும். போய்வந்து பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் "வயலில் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாததால் டெங்கு என்று மட்டும் பார்த்து நாள் போய்விடும்.

தின்ற பிறகு வாய் எரிவு, வாந்தி, தலைசுற்று வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், மிச்ச இலையைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, ஆனால் "ஏதோ ஒரு கீரை" என்று சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.


வெள்ளவத்தைக் குருவி:

எல்லாருக்கும் நன்றி. வாய்க்கால் செடியைத் திருப்பியும் பாத்தன். எதிரெதிர் இலை, பொன்னாங்காணி மாதிரியேதான், ஆனால் இலை கொஞ்சம் நீளம். தண்டு கோறை, முறிச்சால் உள்ள குழாய். வெள்ளைப் பூ உருண்டையா, தனிக் காம்பில நிக்குது, காம்பு ஒரு விரல் கட்டை அளவு. தண்ணிக்கு மேல பாய் விரிச்ச மாதிரிக் கிடக்குது. சமைச்சுச் சாப்பிடலாமோ?


வரம்போரம்:

நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். பொன்னாங்காணியில் பூவுக்குக் காம்பே இல்லை. இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பஞ்சுப் பொட்டு மாதிரி இருக்கும். பூ தனிக் காம்பில் எழும்பி நின்றால், அதோடு தண்டும் கோறையாக இருந்தால், அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆக்கிரமிப்புக் களை, முதலைக்களை என்று சொல்லலாம். முக்குனுவென்ன (பொன்னாங்காணிக்குச் சிங்களப் பெயர்) என்று நினைத்து இதை வீட்டில் வளர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. அவுஸ்திரேலியாவில் இலங்கையர் வீட்டுத் தோட்டங்களில் இது கீரையென்று வளர்வதை 1990களில் அதிகாரிகள் கண்டுபிடித்து, வீடு வீடாக அகற்றி, பதிலுக்கு வேறொரு செடி கொடுத்து மாற்ற வேண்டியிருந்தது.

சமைத்தால் உடனே நஞ்சு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அழுக்குத் தண்ணீரில் பாயாகப் படர்ந்து கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது. உலோகம் சூட்டுக்குப் போகாது, குளோரினுக்கும் போகாது. வாய்க்காலில் கிடந்ததைத் தின்னக் காரணமே இல்லை.

பூ வராத காலத்தில் தண்டை முறித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி, அதுவும் முதிர்ந்த தண்டில். இளந்தண்டு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். பூவும் இல்லை, முதிர்ந்த தண்டும் இல்லை என்றால் எடுக்காதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பூவோடு ஒரு கிளையைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்துப் பேராதனைப் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரகத்துக்குக் கொடுக்கலாம்.


சட்டிபானை:

அதைப் பாக்கிறதுக்கெண்டு வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் தண்டைக் குசினித் தொட்டியில கழுவி விட்டிடாதேங்கோ, கானுக்குள்ளயும் எறியாதேங்கோ. ஒரு கணு போனால் காணும், அடுத்த வாய்க்காலில பிடிச்சிடும். வெயில்ல கருக விட்டுக் குப்பைப் பையுக்குள்ள கட்டிப் போடுங்கோ.

உண்மையான பொன்னாங்காணி மேட்டுநிலத்தில கண்டால் ஆறு ஏழு அங்குலத் தண்டு ஒரு பத்து வெட்டிக்கொண்டு வாங்கோ. கீழ் ரெண்டு கணு இலையை ஆய்ஞ்சு விட்டிட்டு, பலகணியில வெயில் படுற சாடியில ரெண்டு கணு மண்ணுக்குள்ள போக நட்டால் ஒரு கிழமைக்குள்ள வேர் பிடிக்கும். வல்லாரைக்கு அரை நிழல், காயாத மண், அகலமான ஆழமில்லாத சாடி. குறுக்கால ஓடுற கொடிதான் அதுக்கு எல்லாம். ரெண்டு மாசத்தில முதல் வெட்டு வெட்டலாம். ஆனால் வயல் மண்ணோட கட்டியாப் பேத்துக்கொண்டு வராதேங்கோ, அட்டையும் கோரைப்புல்லுக் கிழங்கும் சேர்ந்து வரும். கோரை ஒருக்கால் சாடிக்குள்ள வந்தால் மண்ணை மாத்துற வரைக்கும் போகாது.